குடத்துக்குள் யார் பேர்?

எல்லா வீட்டு வாட்ஸ்அப் குரூப்பிலும் அந்த மெசேஜ் ஒரு தடவையாவது வந்திருக்கும். உலகத்துக்கே ஜனநாயகம் கற்றுக் கொடுத்தவன் தமிழன் என்று ஆரம்பிக்கும். நடுவில் ஒரு கோயில் படம், கல்வெட்டு எழுத்து பெரிதாக, கடைசியில் தமிழனாக இருந்தால் பகிரவும் என்று ஒரு மிரட்டல். எங்கள் வீட்டில் அதை அனுப்பியது பெரியப்பா. நானும் யோசிக்காமல் மகளிடம் காட்டினேன். டொராண்டோவில் நாலாம் வகுப்பு படிக்கிறாள். அந்த வாரம்தான் அவள் வகுப்பில் பண்டைய கிரேக்கம் பாடம். ஆதென்ஸ் நகரத்தில்தான் ஜனநாயகம் தொடங்கியது என்று டீச்சர் சொன்னார்களாம். விடுவேனா? "அதெல்லாம் இல்லம்மா, நம்ம உத்திரமேரூர்லதான் முதல்ல. நாளைக்கு டீச்சர்கிட்ட போய்ச் சொல்லு" என்று அனுப்பி வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஷூவைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். "அப்பா, அது எந்த வருஷம்னு டீச்சர் கேட்டாங்க."

"919."

"அப்போ ஆதென்ஸ் ஆயிரத்து நானூறு வருஷம் முன்னாடிப்பா."

கணக்கு சரிதான். ஒன்பது வயசுப் பிள்ளையிடம் மாட்டிக்கொண்ட அவமானத்தில்தான் அந்தக் கல்வெட்டில் உண்மையிலேயே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். டிசம்பர் லீவில் ஊருக்குப் போனபோது அவளையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். படித்த பிறகு எனக்கு அந்தக் கல் மேல் மதிப்பு கூடியது. ஆனால் மெசேஜில் சொன்ன காரணத்துக்காக இல்லை.

செங்கல்பட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். மழை நன்றாகப் பெய்திருந்த வருஷம், வழியெல்லாம் ஏரிகள் நிரம்பிக் கிடந்தன. வைகுண்டப் பெருமாள் கோயில் பெரிய கோயில் இல்லை. தஞ்சாவூர் மாதிரி எதிர்பார்த்துப் போனால் ஏமாந்து போவீர்கள். ஒரு காலத்தில் ஊர்ச் சபை கூடிய மண்டபம் இதுதான் என்று சொல்கிறார்கள். அடித்தளத்திலும் சுவரிலும் கை வைக்க இடமில்லாமல் எழுத்து. தமிழ்தான், நடுநடுவே வடசொற்களுக்குக் கிரந்த எழுத்து. நமக்கு வாசிக்க வராது. என் மகள் 'ம'வும் 'க'வும் கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தாள். சரியா தப்பா என்று சொல்ல எனக்கும் தெரியவில்லை.

காலத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று அவள் கேட்டாள். இது சுவாரஸ்யமான விஷயம். அந்தக் கல்லில் 919 என்று எந்த எண்ணும் கிடையாது. மதுரை கொண்ட கோப்பரகேசரிக்கு பன்னிரண்டாவது ஆட்சியாண்டு என்றுதான் இருக்கும். மதுரை கொண்டவன் என்றால் முதலாம் பராந்தக சோழன். அவன் பட்டத்துக்கு வந்தது 907 என்று மற்ற ஆதாரங்களை வைத்து ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதோடு பன்னிரண்டைக் கூட்டினால் 919. பக்கத்திலேயே இன்னொரு கல்வெட்டு, பதினாலாவது ஆண்டு. அது 921. சுவரில் ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி எழுத்துக் குழிக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒத்தி எடுப்பார்கள். அதற்குப் பெயர் மைப்படி. இந்த இரண்டையும் படித்து, இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் விரிவாக எழுதியவர் வெங்கையா. பிறகு நீலகண்ட சாஸ்திரி சோழர் நிர்வாகம் பற்றி எழுதியபோது இவற்றை அலசினார். இன்றைக்கு நாம் ஃபார்வர்டு பண்ணுவதெல்லாம் இவர்கள் போட்ட உழைப்பு.

ஓட்டு இல்லை, சீட்டு

முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். குடவோலை என்பது நாம் நினைக்கிற தேர்தல் இல்லை. யாரும் யாருக்கும் ஓட்டுப் போடவில்லை. அது குலுக்கல்.

ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்திருந்தார்கள். குடும்பு என்றால் வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதுவார்கள். அந்த ஓலைகளைக் கட்டாகக் கட்டி, மேலே எந்தக் குடும்பு என்று வாயோலை வைத்து, குடத்தில் போடுவார்கள். சிறியவர் பெரியவர் எல்லோரும் சபையில் கூடியிருக்க வேண்டும். கோயில் நம்பிமார்கள் ஊரில் இருக்கிற அத்தனை பேரும் வந்து உட்கார வேண்டும். அவர்களில் வயதில் மூத்தவர் எழுந்து, எல்லோரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். அவர் கண் மேலே பார்க்க வேண்டும், குடத்தைப் பார்க்கக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு சின்னப் பையன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டை வேறொரு காலிக் குடத்தில் அவிழ்த்துப் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஒரு ஓலையை மறுபடியும் அந்தப் பையனே எடுப்பான்.

இதுக்கு அடுத்த வரிதான் என்னை நிறுத்தியது. அந்த ஓலையை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் ஏந்தித்தான் வாங்க வேண்டும். விரல் மடங்கியிருந்தால் உள்ளே வேறு ஓலை ஒளிந்திருக்கலாம் இல்லையா? வாங்கி அவன் வாசிப்பான். அதே ஓலையை அங்கே இருக்கிற நம்பிமார்கள் எல்லோரும் வாசிப்பார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பெயர் செல்லும்.

நான் பதினைந்து வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறேன். பணம் கையாளும் சிஸ்டம்களில் நாங்கள் செய்கிற வேலையில் பாதி இதுதான். ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் பார்க்காமல் உள்ளே விடக் கூடாது. குலுக்குகிறவனுக்கு முடிவு முன்கூட்டியே தெரியக் கூடாது. யார் தொட்டாலும் நாலு பேர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். விரிந்த உள்ளங்கை வரைக்கும் யோசித்து எழுதியவன் யாரோ, அவனோடு உட்கார்ந்து ஒரு டீ குடிக்க ஆசையாக இருக்கிறது.

இப்படி முப்பது பேர். அவர்களில் ஏற்கெனவே தோட்ட வாரியம், ஏரி வாரியம் பார்த்த அனுபவமும், வயதும் கல்வியும் உள்ள பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டுக் குழு. பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம். ஆறு பேர் ஏரி வாரியம். குலுக்கலோடு அனுபவத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள். பதவி முந்நூற்று அறுபது நாள். நடுவில் தப்புச் செய்தது தெரிந்தால் அப்போதே நீக்கம். ஒருமுறை இருந்தவர் அடுத்த மூன்று வருஷத்துக்குக் குடத்துக்குள் வர முடியாது.

பாட்டி பேர் இருந்திருக்குமா?

இதையெல்லாம் கோயில் திண்ணையில் உட்கார்ந்து மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் அம்மாவும் கூட வந்திருந்தார். மகள் அவரைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"பாட்டி பேர் அந்தக் குடத்துல இருந்திருக்குமா?"

"இருக்காதும்மா. பெண்கள் பேரே வராது."

"உங்க பேர்?"

"என் பேரும் வராது."

"அப்புறம் யார் பேர்தான் வரும்?"

சொல்கிறேன். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். பல்லவர் காலத்தில் பிராமணர்களுக்கென்று கொடுக்கப்பட்ட ஊர். சபை என்பது அவர்களுடைய சபை. அதிலும் குடத்துக்குள் பேர் வர வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும். இப்போதைய கணக்கில் ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குக் கீழ். வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் நன்றாகக் கற்றவராக இருந்தால் அரைக்கால் வேலி நிலம் போதும். அந்த நிலத்தில் இறங்கி உழுதவர்கள், ஏரிக் கரையில் மண் சுமந்தவர்கள், துணி வெளுத்தவர்கள், இவர்கள் யாருக்கும் ஓலை கிடையாது. மற்ற கிராமங்களில் ஊர் என்றும் வணிகர் வாழ்ந்த இடங்களில் நகரம் என்றும் வேறு அவைகள் இருந்தன. ஆனால் இவ்வளவு விரிவான விதிகளோடு நம் கைக்கு வந்திருப்பது இந்தச் சபைதான்.

இந்த இடத்தில் நம்மில் பலர் பேச்சை மாற்றிவிடுவோம். பிள்ளைகள் முன்னால் நம் முன்னோர்களை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று ஒரு பயம். எனக்கும் அது இருந்தது. ஆனால் இங்கே வளர்கிற பிள்ளைகள் ஆதென்ஸைப் பற்றிப் படிக்கும்போதே பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் அங்கே உரிமை இல்லை என்று சேர்த்துத்தான் படிக்கிறார்கள். அதனால் ஆதென்ஸ் மேல் அவர்களுக்கு மரியாதை குறைந்துவிடவில்லை. நம் ஊரை மட்டும் ஏன் பூசி மெழுக வேண்டும்? பூசிய இடத்தை ஒருநாள் அவர்களே சுரண்டிப் பார்ப்பார்கள். அப்போது நாம் சொன்ன மற்ற உண்மைகளையும் சேர்த்து நம்பாமல் போவார்கள்.

முதல் என்ற போட்டியும் வேண்டாம். ஆதென்ஸிலும் பெரும்பாலான அதிகாரிகள் குலுக்கலில்தான் வந்தார்கள். அதற்கென்று வரிசையாகத் துளை வெட்டிய கல் ஒன்று இருந்தது. அங்கே பழைய சந்தைவெளியைத் தோண்டியபோது அதன் துண்டுகள் கிடைத்தன. பதவி முடிந்ததும் கணக்குக் காட்டுவது அங்கேயும் கட்டாயம். வெனிஸ் நகரத்தில் 1268 முதல் ஆட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்க நடத்திய குலுக்கலில் உருண்டைகளை எடுத்துக் கொடுத்ததும் ஒரு சின்னப் பையன்தான். தேவாலயத்துக்கு வெளியே முதலில் கண்ணில் படுகிற பையனைக் கூட்டி வருவார்களாம். உத்திரமேரூர்ப் பையனும் வெனிஸ் பையனும் ஒருத்தரைப் பற்றி ஒருத்தர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பெரியவர்களை நம்ப முடியாது என்ற முடிவுக்கு இரண்டு ஊரும் தனித்தனியாக வந்து சேர்ந்திருக்கின்றன. யார் முதல் என்பதை விட எனக்கு இது அதிசயமாகத் தோன்றுகிறது.

நம் பக்கத்திலேயே கூட உத்திரமேரூர் முதல் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் மானூரில் சபையில் யார் இருக்கலாம் என்று விதி சொல்லும் பாண்டியர் கல்வெட்டு இதைவிட ஏறக்குறைய நூறு வருஷம் மூத்தது. அகநானூற்றின் 77ஆம் பாட்டில் குடத்திலிருந்து ஓலை எடுக்கிற காட்சி ஒரு உவமையாகவே வருகிறது. எதற்கு உவமை தெரியுமா? பாலையில் செத்துக் கிடப்பவரின் குடலைப் பருந்து இழுப்பதற்கு. கேட்கிறவர்களுக்குப் பழகிப்போன காட்சியாக இருந்தால்தானே புலவர் அதை உவமையாக எடுப்பார்?

கஸின் என்று சொன்னால் போதாது

919 கல்வெட்டும் 921 கல்வெட்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. பிறகு ஏன் இரண்டு? முதலாவதில் வயது முப்பது முதல் அறுபது. இரண்டாவதில் முப்பத்தைந்து முதல் எழுபது. முதலாவதில், விலகிப் போகிறவர்களுக்கு நெருங்கிய உறவினர் கூடாது என்று சுருக்கமாகப் போகிறது. இரண்டாவதில் அது பெரிய பட்டியலாகிவிடுகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடியும் வர முடியாது. அவர் மட்டுமா? அவருடைய சின்னம்மா பெரியம்மா மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாய்மாமன், அப்பாவோடு கூடப் பிறந்தவர், தன்னோடு கூடப் பிறந்தவர், மாமனார், மனைவியின் சகோதரர், சகோதரியின் கணவர், சகோதரியின் மக்கள், மருமகன், தகப்பன், மகன். அத்தனை பேருக்கும் கதவு மூடல்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு விதி வினோதமாக, அளவுக்கு மீறி விவரமாக எழுதியிருந்தால், அதற்குப் பின்னால் ஒரு நாள் ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இரண்டு வருஷத்தில் என்ன நடந்தது என்று கல் சொல்லவில்லை. என் ஊகம்: யாரோ ஒருத்தர் சபையில் எழுந்து, "நெருங்கிய உறவுன்னா என்ன? இவன் என் அத்தை மகன்தானே, நெருக்கமா என்ன?" என்று கேட்டிருக்க வேண்டும். அடுத்த பதிப்பில் அத்தை மகன் பேர் சொல்லி உள்ளே வந்துவிட்டான்.

பட்டியல் அதோடு நிற்கவில்லை. பிறர் பொருளைத் திருடியவர், கூடலேகை செய்தவர், அதாவது கள்ள ஓலை எழுதியவர், குற்றத்துக்குத் தண்டனையாகக் கழுதை மேல் ஏற்றப்பட்டவர், யாருக்கும் இடமில்லை. கணக்கு எழுதுபவருக்குத் தனி விதி. நேர்மையாகச் சம்பாதிப்பவராக இருக்க வேண்டும். தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும், வேறு கணக்கர் வந்து முடித்து வைக்கக் கூடாது. கணக்குச் சுத்தம் என்று பெரியவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் மறுபடியும் அந்த வேலை கிடைக்கும்.

ஒரு சின்ன இடைச்செருகல். இந்தப் பட்டியலை மகளுக்கு இங்கிலீஷில் சொல்லப் பார்த்தேன். பாதி கஸின், மீதி அங்கிள் என்று முடிந்துபோனது. கல்வெட்டின் கூர்மையே காணாமல் போய்விட்டது. திரும்பி வருகிற வழியில் காரில் உட்கார்ந்து, பாட்டி அவளுக்கு அத்தை, மாமா, சித்தப்பா, மச்சான் என்று யார் யாருக்கு என்ன முறை என்று பாடம் எடுத்தார். தமிழ்ப் பள்ளியில் மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்தும் ஏறாதது, யாரைக் குடத்திலிருந்து வெளியே தள்ளலாம் என்று விளையாடியதும் ஒரே மணி நேரத்தில் ஏறிவிட்டது.

நம்பிக்கை இல்லையா தம்பி?

இந்தக் கணக்கு விதி என்னை ஏன் இவ்வளவு தைத்தது என்று சொல்ல வேண்டும்.

நாங்கள் முன்பு இருந்த ஊரில் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளி. சனிக்கிழமை காலை வகுப்பு, வருஷத்துக்கு ஒரு பொங்கல் விழா, ஒரு ஆண்டு விழா. அதற்கு ஒரு பெற்றோர் கமிட்டி. ஆறேழு வருஷமாக அதே நாலைந்து பேர்தான். குறை சொல்லவில்லை, வேறு யாரும் வேலை செய்ய முன்வராததால் அவர்களே இழுத்துக்கொண்டு போனார்கள். பனியில் வந்து ஹால் திறந்து நாற்காலி போட்டவர்கள் அவர்கள். ஒரு வருஷம் என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள். நான் வழக்கம்போல பழைய கணக்கு எங்கே என்று கேட்டேன்.

ஒரு பிளாஸ்டிக் பை வந்தது. ரசீதுகள், பாதி மை அழிந்தவை. மூன்று வருஷத்துக் கணக்கு எழுதப்படவே இல்லை. நான் ஸ்பிரெட்ஷீட் போட்டுப் பார்த்ததில் மூவாயிரத்துச் சொச்சம் டாலருக்கு வழி தெரியவில்லை. யாரும் எடுத்திருப்பார்கள் என்று நான் அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. சமோசாவுக்கும் மைக் செட்டுக்கும் ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காமல் விட்டிருப்பார்கள். ஆனால் நான் கேட்டதும் ஒரு பெரியவர் சொன்னார், "நம்பிக்கை இல்லையா தம்பி?"

அதற்கு நம்மிடம் பதிலே கிடையாது, இல்லையா? நம்பிக்கை இருக்கு என்று சொன்னால் கேள்வியை வாபஸ் வாங்க வேண்டும். இல்லை என்று சொன்னால் அவர் வீட்டுக்கு இனிமேல் போக முடியாது. நான் மழுப்பினேன். அதற்குள் விஷயம் வெளியே போய், ஆளுக்கு ஒரு பக்கம் சேர்ந்து, அடுத்த தை மாதம் ஒரே ஊரில் இரண்டு பொங்கல் விழா நடந்தது. மொத்தம் நாற்பது குடும்பம், இரண்டு ஹால். என் மகளின் நெருங்கிய தோழி அந்தப் பக்கம் போய்விட்டாள்.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் இதற்கு ஒரு உவமை இருக்கிறது. தண்ணீருக்குள் இருக்கிற மீன் எப்போது தண்ணீர் குடிக்கிறது என்று எப்படித் தெரியாதோ, அப்படியே பணத்தைக் கையாளும் அதிகாரி எப்போது எடுக்கிறான் என்று தெரியாது என்கிறார். அரசுப் பணம் எப்படியெல்லாம் காணாமல் போகும் என்று நாற்பது வழிகளைக் கணக்குச் சொல்லியிருக்கிறார். அந்த நூலே பல நூற்றாண்டுகள் பேர் மட்டும் தெரிந்ததாக இருந்தது. தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் கிரந்த எழுத்தில் இருந்த ஓலைச்சுவடியை மைசூர் நூலகத்தில் கொடுக்க, அங்கே இருந்த ஷாமசாஸ்திரி அதை 1909ல் அச்சில் கொண்டுவந்தார்.

கௌடில்யர் கண்ட வழி ராஜாவின் வழி. ஒற்றனை வை, கண்காணி, ஆளை இடம் மாற்று, பிடிபட்டால் தண்டி. மேலே ஒருத்தன் உட்கார்ந்து கீழே இருப்பவர்களைச் சந்தேகப்படுவது. உத்திரமேரூர் சபையும் அதே மீனைத்தான் பார்த்திருக்கிறது. விதி எழுதிய கூட்டத்தில் சோழ அரசனின் அதிகாரி ஒருவரும் உட்கார்ந்திருந்தார், அதையும் கல்லே சொல்கிறது. ஆனால் அன்றாடம் நடத்தியது ஊர்க்காரர்கள். ஒற்றனுக்குப் பதில் குலுக்கல், ஒரு வருஷம், மூன்று வருஷ இடைவெளி, கணக்கு. நல்லவனா கெட்டவனா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. எல்லோரும் கணக்குக் காட்டுகிறார்கள் என்றால் கேட்கிறவன் யாரையும் அவமானப்படுத்தவில்லை.

அன்றைக்கு அந்தப் பெரியவரிடம் சொல்ல இந்தப் பதில் என்னிடம் இருந்திருந்தால் என்று அந்தச் சுவர் முன்னால் நின்றபோது நினைத்துக்கொண்டேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நான் பொருளாளராக இருந்த வருஷத்துக் கணக்கை நானே இரண்டு மாதம் தாமதமாகத்தான் கொடுத்தேன். வேலை அதிகம் என்று காரணம் வேறு சொன்னேன். 921 விதிப்படி எனக்கும் என் மச்சானுக்கும் இடமில்லை.

பழைய கதை மட்டும் இல்லை

2020 டிசம்பரில் டெல்லியில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் உத்திரமேரூரைக் குறிப்பிட்டுப் பேசினார். அதற்குப் பிறகு ஃபார்வர்டு மெசேஜ்கள் இன்னும் பெருகின. ஆனால் குலுக்கல் என்ற அந்த யோசனையை இன்றைக்குக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் வேறு இடங்களில் இருக்கிறார்கள். நாங்கள் இருக்கிற கனடாவிலேயே, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2004ல் தேர்தல் முறையை மாற்றலாமா என்று யோசிக்க 160 பேரைக் குலுக்கலில் எடுத்தார்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு ஆண், ஒரு பெண், அதோடு பூர்வகுடிகள் சார்பில் இரண்டு பேர். பல மாதம் உட்கார்ந்து படித்து, விவாதித்து, ஒரு புது முறையைச் சொன்னார்கள். 2005ல் அதை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டபோது 57 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. தேவைப்பட்டது 60, அதனால் நிறைவேறவில்லை. அயர்லாந்தில் 99 பேரைக் குலுக்கலில் எடுத்து, கருக்கலைப்புச் சட்டம் போன்ற, அரசியல்வாதிகள் தொடப் பயந்த விஷயத்தை அவர்கள் கையில் கொடுத்தார்கள். 2018ல் நடந்த வாக்கெடுப்பில் 66 சதவீதத்துக்கு மேல் மாற்றத்துக்கு ஆதரவு.

உங்கள் வீட்டுக்கும் ஒருநாள் ஜூரி கடிதம் வந்திருக்கும். லீவு போட வேண்டுமே என்று திட்டிக்கொண்டேதான் பிரித்திருப்பீர்கள். அதுவும் குடத்திலிருந்து எடுத்த ஓலைதான். அடுத்த தடவை வந்தால் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

இப்போது நாங்கள் இருக்கிற ஊரில் வேறொரு தமிழ்ப் பள்ளி. வளர்ந்த பிள்ளைகளோடு பழைய ஊரிலிருந்து இங்கே குடிவந்த குடும்பங்களும் சில அதில் உண்டு. நான் மறுபடியும் பொருளாளர், தலையெழுத்து. இந்த வருஷப் பொதுக்கூட்டத்தில் ஒரே ஒரு விஷயம் கேட்டேன். கமிட்டி எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், கணக்குப் பார்க்கிற ஆளை மட்டும் குலுக்கலில் எடுப்போம், ஒரு வருஷம்தான், அடுத்த மூன்று வருஷம் அவர் பேர் வராது. கொஞ்சம் சிரித்தார்கள். ஒருத்தர் லக்கி டிப்பா என்று கேட்டார். ஆனால் யாரும் மறுக்கவில்லை. நம்பிக்கை இல்லையா என்று கேட்கவும் வழியில்லை, ஏனென்றால் எந்த ஆளையும் நான் குறிப்பிடவில்லை.

குடத்துக்குப் பதில் எங்கள் வீட்டு எவர்சில்வர் அண்டா. முப்பத்தியொரு குடும்பம், முப்பத்தியொரு சீட்டு. இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாத மழலை வகுப்புப் பையன் ஒருத்தனை மேடைக்கு ஏற்றினோம். அவன் கையை விட்டுத் துழாவி ஒரு சீட்டை எடுத்தான். வாங்கின டீச்சரம்மாவுக்கு உள்ளங்கையை விரிக்கச் சொல்லி என் மகள் கீழேயிருந்து கத்தினாள்.

சீட்டைப் பிரித்தால் என் மனைவி பேர். சீட்டுப் போடும்போது பொருளாளர் வீட்டுச் சீட்டை எடுத்து வைக்க மறந்திருக்கிறேன்.

ஹால் முழுக்கச் சிரிப்பு. "கல்வெட்டுல மனைவி பேர் அந்த லிஸ்ட்ல இருக்காப்பா?" என்றாள் மகள். இல்லை. பெண்களே குடத்துக்குள் வராத காலத்தில் மனைவியை எதற்குத் தனியாகத் தடுக்க வேண்டும்? அந்த இடத்திலேயே எங்கள் விதியில் ஒரு வரி சேர்த்தோம், பொருளாளரின் கணவன் அல்லது மனைவி கூடாது என்று. எங்கள் இரண்டாம் பதிப்புக்கு இரண்டு வருஷம் ஆகவில்லை, இரண்டு நிமிஷம்தான் ஆனது.

அந்தச் சீட்டை வெளியே வைத்துவிட்டு மறுபடியும் குலுக்கினோம். இந்தத் தடவை வந்தது பழைய ஊரில் இரண்டாவது பொங்கல் விழா நடத்திய வீட்டுக்காரர் பேர். போன வருஷம்தான் இங்கே குடிவந்திருந்தார். மேடைக்கு வந்து ஃபைலை என் கையிலிருந்து வாங்கினார், அதிகம் பேசவில்லை. மறுநாள் காலையில் போன் வந்தது. மார்ச் மாத ஹால் வாடகைக்கு ரசீது எங்கே என்று கேட்டார். தேடிக்கொண்டிருக்கிறேன்.